விட்ட குறை, தொட்ட லேத்: சிறு மாதிரி எஞ்சின் வழியே கடைசலுக்குத் திரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் டிப்ளமோ படித்துவிட்டு ஏழு ஆண்டுகள் லேத்தில் (உலோகத்தைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரத்தில்) நின்று வேலை பார்த்தவன் நான். அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் மேற்பார்வை வேலையிலேயே கழிந்தன. ஊர் திரும்பி, பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) ஒரு சிறு லேத்தை வைத்து, 12 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் துளை கொண்ட ஓர் எஞ்சினைச் செய்து முடித்தேன். அதைப் பார்க்க வந்தவர்களும், தாங்களும் பழைய கைவேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எண்ணுபவர்களும் மறுபடி மறுபடி கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கொடுத்துள்ள அளவுகள் அந்த எஞ்சினுக்கு உரியவை.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு தொடங்குபவர் எஞ்சினை ஏன் எடுக்க வேண்டும்? எளிய பொருள் ஏதேனும் கடைந்து பழகக் கூடாதா?

கூடாது என்று இல்லை. ஆனால் ஒரு தூக்குக்குண்டையோ பேனாத் தாங்கியையோ கடையும்போது அளவு 0.2 மி.மீ. தவறினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள மாட்டோம். எஞ்சின் அப்படி விட்டுவிடாது. அது சுற்றும், அல்லது நிற்கும். மேலும் ஏறத்தாழ பத்து உறுப்புகளே கொண்ட ஒரு சிறு எஞ்சினுக்குள் ஃபேசிங் (முகத்தைத் தட்டையாக்குதல்), டர்னிங் (வெளிவிட்டத்தைக் கடைதல்), டிரில்லிங் (துளையிடுதல்), ரீமிங் (துளையை நுண்ணளவுக்குச் சீராக்குதல்), நாலு தாடை சக்கில் (வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் பிடியில்) மையம் பார்த்தல், மரை வெட்டுதல், தேய்த்துப் பொருத்துதல் ஆகிய அனைத்தும் ஒருமுறையேனும் வந்துவிடுகின்றன.

திரும்புபவருக்கு உள்ள சிக்கல் தொடக்கநிலையாளருக்கு உள்ளதிலிருந்து வேறுபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். படித்தது தலையில் இருக்கிறது, கைதான் மறந்துவிடுகிறது. வேகத்துக்கான சூத்திரம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. ஆனால் முதல் நாளில் குறுக்கு ஸ்லைடின் (வெட்டும் டூலை முன்பின் நகர்த்தும் பகுதியின்) கைப்பிடியை வெளியே திருப்புவதற்குப் பதிலாக உள்ளே திருப்பி, வேலைத்துண்டில் ஒரு பள்ளத்தை வெட்டினேன். தெரிந்தவர் என்ற நினைப்பே கையை அவசரப்படுத்துகிறது. முதல் வாரத்தில் கடைந்த எதையும் எஞ்சினுக்கு வைத்துக்கொள்வதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் மனம் அமைதியாக இருக்கும்.

எந்த வகை எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே சிலிண்டர், ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் பெறும் பிஸ்டன், காற்றில் ஓடும் ஊசலாடும் சிலிண்டர் எஞ்சின். இதைப் பொம்மை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. 1858-இல் நீரில் இறங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கப்பலின் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றியது இதே தத்துவத்தில் ஊசலாடிய நான்கு சிலிண்டர்கள்தான். ஒவ்வொன்றின் துளையும் 74 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 14 அடி. நம்முடையது அதன் கொள்ளுப்பேரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

வார்ப்புகளாகக் கிடைக்கும் எஞ்சின் தொகுப்புகளை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. ஒரு வார்ப்பு கெட்டால் மாற்று வருவதற்குள் ஆர்வம் ஆறிவிடும். எனக்கு வந்த ஒரு தொகுப்பில் ஃபிளைவீலின் (சுழற்சியைத் தொடரச் செய்யும் கனச்சக்கரத்தின்) உள்ளே காற்றுக்குமிழிப் பள்ளம் இருந்தது, பாதி கடைந்த பிறகே அது தெரிந்தது. கம்பியிலும் தகட்டிலும் இருந்து கடைந்தால், கெட்டது போகட்டும் என்று அடுத்த துண்டை அறுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் எஞ்சின், நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் போன்றவை இரண்டு மூன்று எஞ்சின்களுக்குப் பிந்திய பேச்சு.

வால்வே இல்லாமல் இது எப்படிக் காற்றை உள்ளே விட்டு வெளியேற்றுகிறது?

சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு தட்டையான முகம் இருக்கிறது. அது ஃபிரேமின் தட்டையான முகத்தின் மீது அச்சாணி ஒன்றைப் பற்றி இப்படியும் அப்படியும் சாய்கிறது. சிலிண்டர் முகத்தில் ஒரு துவாரம், ஃபிரேமில் இரண்டு. சிலிண்டர் ஒரு பக்கம் சாயும்போது அதன் துவாரம் காற்று வரும் துவாரத்தோடும், மறுபக்கம் சாயும்போது வெளியேற்றும் துவாரத்தோடும் பொருந்துகிறது. காற்றுக் குழாயை இரண்டுக்கும் இடையே மாற்றிச் செருகினால் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும்.

இந்தத் துவாரங்களின் இடம்தான் எஞ்சினின் உயிர்நிலை. ஆகவே கணக்கை முழுமையாகத் தருகிறேன். அச்சாணிக்கும் கிராங்க் ஷாஃப்டின் (சுழலும் தண்டின்) மையத்துக்கும் இடையே 40 மி.மீ.; பிஸ்டன் தண்டு மாட்டும் கிராங்க் பின், ஷாஃப்ட் மையத்திலிருந்து 8 மி.மீ. விலகியிருக்கிறது, எனவே ஸ்ட்ரோக் 16 மி.மீ. சிலிண்டரின் நடுக்கோடு, கிராங்க் பின் சுற்றும் வட்டத்துக்குத் தொடுகோடாக அமையும் கணத்தில்தான் சாய்வு உச்சத்தை அடைகிறது. அப்போது சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு 8 வகுத்தல் 40, அதாவது 0.2, கோணம் சுமார் பதினொன்றரை டிகிரி. சிலிண்டரின் துவாரம் அச்சாணியிலிருந்து 16 மி.மீ. தொலைவில் இருப்பதால், அது நடுக்கோட்டிலிருந்து 16 பெருக்கல் 0.2, அதாவது 3.2 மி.மீ. பக்கவாட்டில் நகர்கிறது. ஃபிரேமின் இரு துவாரங்களின் மையங்களுக்கு இடையே 6.4 மி.மீ. வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கிறது. அவை 16 மி.மீ. ஆரமுள்ள வில்லின் மீது அமைய வேண்டும் என்பதால், அச்சாணித் துளையில் காம்பஸின் ஒரு காலை ஊன்றி அந்த வில்லை முதலில் கீறிக்கொள்வது நல்லது.

துவாரத்தின் விட்டம் 3 மி.மீ. இருந்தால், சிலிண்டர் நேராக நிற்கும் தருணத்தில் துவாரங்களின் ஓரங்களுக்கு இடையே 0.2 மி.மீ. மட்டும் மூடல் எஞ்சுகிறது. காற்று தாராளமாக வரட்டும் என்று 3.5 மி.மீ. டிரில் போட்டால், அந்தத் தருணத்தில் சிலிண்டர் துவாரம் இரண்டு துவாரங்களையும் ஒருசேரத் தொட்டு, உள்ளே வந்த காற்று வேலை செய்யாமலே வெளியேறிவிடும். முதல் முயற்சிக்கு 2.5 மி.மீ. டிரில் பாதுகாப்பானது.

புது லேத்தா, பழைய லேத்தா?

இந்த எஞ்சினுக்கு, மேசையில் வைக்கும் மினி லேத் போதும், 300 மி.மீ. நீள வேலையைப் பிடிக்கும் அவ்வகை லேத்தின் எடை ஏறத்தாழ 40 கிலோ. இருவர் தூக்கி வைத்துவிடலாம். நம் பக்கம் நாலரை அடி, ஆறடி என்று பெட்டின் (லேத்தின் அடித்தண்டவாளத்தின்) நீளத்தைச் சொல்லி விற்கப்படும் பழைய பட்டறை லேத்துகள் உறுதியில் பன்மடங்கு மேலானவை. ஆனால் இடமும், தளமும், பல சமயம் மூன்று பேஸ் மின்சாரமும் கேட்பவை.

பழையதை வாங்கப் போனால் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். சக்கை ஒட்டிய பெட் பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும். கேரேஜை (டூலைத் தாங்கி நகரும் பகுதியை) அங்கே வைத்து லாக்கை லேசாக இறுக்கி, அதே இறுக்கத்தோடு சக்குக்கு எதிர்முனையான டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். அங்கே போய்ச் சிக்கிக்கொண்டால் தேய்மானம் மிகுதி என்று பொருள். சக்கைச் சுழற்றும் ஸ்பின்டிலின் மூக்கில் டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவியை) வைத்து, சக்கில் பிடித்த கம்பியை மேலும் கீழும் நெம்பினால் பேரிங்கின் பிளே (தளர்வு) தெரியும். ஸ்லைடு திருகின் பிளே ஒரு குறையே ஆகாது. ஒரே திசையிலிருந்து அளவை அணுகும் பழக்கம் இருந்தால் அதோடு வாழலாம்.

செட்டிநாட்டுப் பழைய வீட்டில் அதை எங்கே வைப்பது?

முன்பகுதிகளான முகப்பிலும் பட்டாலையிலும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமென்ட் தரைக்கல்) பதித்த தரையில் எண்ணெய் ஊறினால் கறை போகாது, வீட்டில் உள்ள ஆச்சிமாரின் முகமும் மாறும். இரண்டாம் கட்டின் தாழ்வாரம், பழைய தானிய அறை, பின்கட்டு ஆகியவை ஏற்றவை. கனமான மரமேசையின் நான்கு கால்களும் ஆடாமல் ஊன்றியிருக்கின்றனவா என்று பாருங்கள். மேசை முறுக்கினால் லேத்தின் பெட்டும் முறுக்கும், கடைந்த கம்பி ஒருபுறம் பருத்து வரும்.

கோடையில் துருவைப் பற்றிக் கவலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவின் (நடுமுற்றத்தின்) ஈரம் உள்ளே வரும்போதுதான் இரவோடு இரவாக பெட்டில் செம்புள்ளிகள் தோன்றும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. மெஷின் ஆயிலால் துடைத்துவிட்டு, பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை நாலாக மடித்துப் போர்த்திவிடுகிறேன். பருத்தி என்பதால் காற்றோட்டம் தடைபடுவதில்லை.

எந்த உலோகங்களை வாங்க வேண்டும்?

சிலிண்டருக்கு 20 மி.மீ. சதுரப் பித்தளைக் கம்பி. பிஸ்டன், ஷாஃப்ட், கிராங்க் ஆகியவற்றுக்கு மைல்ட் ஸ்டீல். ஃபிரேமுக்கு பித்தளை அல்லது அலுமினியத் தகடு. ஃபிளைவீலுக்கு 60 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு அல்லது மைல்ட் ஸ்டீல் வட்டு. பித்தளை எடைக்கு விற்கப்படுவதைக் கண்டு மிரள வேண்டாம். 40 மி.மீ. நீளமுள்ள சதுரத் துண்டு 16 கன சென்டிமீட்டர்தான். எடை 136 கிராம் அளவில் இருக்கும். மூன்று துண்டுகள் கெடுத்தாலும் அரைக் கிலோவைத் தாண்டாது.

கடையில் கேட்கும்போது லேத்துக்கான பித்தளை என்று சொல்லிக் கேளுங்கள். அதில் சிறிதளவு ஈயம் கலந்திருப்பதால் சீவல் பொடியாக உதிர்ந்து, முகம் பளிச்சென வருகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எடைக்குக் கிடைக்கும் பித்தளைச் சாமானை உருக்கியோ அறுத்தோ பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாத்திரத் தகடு இழுவைத் தன்மையுள்ளது, டூலில் ஒட்டும். வார்ப்புச் சாமானில் என்ன கலந்திருக்கிறது என்பது வார்த்தவருக்கே வெளிச்சம். அதைவிட, அந்தப் பொருள்கள் அப்படியே இருக்கட்டும்.

சுற்று வேகத்தை எப்படி முடிவு செய்வது?

வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். ஹை ஸ்பீடு ஸ்டீல் (சூட்டிலும் கூர்மை இழக்காத எஃகு) டூலுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று எடுத்தால், 12 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 660 சுற்றுகள் வருகின்றன. அதே உலோகத்தில் 60 மி.மீ. ஃபிளைவீலின் வெளிவிளிம்புக்கு 130 சுற்றுகளே. பித்தளைக்கு இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வைக்கலாம். திரும்பி வந்தவர்கள் பெரிய விட்டத்தை மிக வேகமாகச் சுற்றி டூலை எரிப்பதையே அதிகம் பார்க்கிறேன், நானும் எரித்தேன்.

கார்பைடு இன்சர்ட் (மாற்றிப் பொருத்தும் கடின முனை) டூல் வாங்கலாமா?

சிறு லேத்துக்கு, கையால் தீட்டிய ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலே பொருத்தம். இன்சர்ட்டின் முனை ஆழமான வெட்டுக்கும் உறுதியான இயந்திரத்துக்கும் ஏற்றது. மெல்லிய லேத்தில் அது வெட்டாமல் உரசி அதிர்கிறது. மிராண்டா நிறுவனத்தின் டூல் பிட் ஒன்றை கிரைண்டரில் தீட்டக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். முனை மையத்தின் உயரத்தில் இருக்கிறதா என்று அறிய, கம்பிக்கும் முனைக்கும் இடையே இரும்பு ஸ்கேலை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி, மேற்புறம் நம்மை நோக்கிச் சாய்ந்தால் முனை தாழ்ந்திருக்கிறது.

எனக்கு மிகவும் உதவியது புத்தகமோ காணொளியோ அன்று. நெல் மில் உருளைகளையும் போர்வெல் மோட்டார் ஷாஃப்டுகளையும் கடைந்துகொடுக்கும் ஒரு பட்டறையில் சில மதியங்கள் போய் நின்றேன். என்னைவிட வயதில் இளையவரான அந்த டர்னர், "அண்ணே, அளவை அப்புறம் பாருங்க, மொதல்ல சத்தத்தைக் கேளுங்க" என்றார். டூல் சரியாக வெட்டும்போது எழும் சீறலும் உரசும்போது எழும் கிறீச்சும் காதில் பிரிந்து கேட்கத் தொடங்கிய பிறகுதான், எனக்குக் கை திரும்பியது.

சிலிண்டரைக் கடையும் வரிசை என்ன?

முதலில் சதுரத் துண்டின் ஒரு பக்க முகத்தைத் தட்டையாக்கி, அதிலிருந்தே மற்ற அளவுகள் அனைத்தையும் எடுக்க வேண்டும். பிறகு நாலு தாடை சக்கில் பிடித்து, துளையின் மையத்தை சென்டர் பஞ்சால் குறித்து, அதில் ஊன்றிய கம்பியின் மீது டயல் கேஜை வைத்து மையம் பாருங்கள். கேஜ் மொத்தம் 1 மி.மீ. ஆடினால் வேலையை நகர்த்த வேண்டியது அதில் பாதி என்பதை மறந்து, நான் அரை மணி நேரம் மையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

துளையை 11.8 மி.மீ. வரை டிரில் போட்டு, 12 மி.மீ. ரீமரால் முடிக்க வேண்டும். பித்தளையில் சாதாரண டிரில் தானாகவே உள்ளே பாய்ந்து பற்றிக்கொள்ளும். டிரிலின் வெட்டு விளிம்பை எண்ணெய்க்கல்லில் மெல்லத் தேய்த்து, சாய்வில்லாமல் தட்டையாக்கினால் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். ரீமரை மெதுவான வேகத்தில் செலுத்துங்கள். எக்காரணத்தாலும் எதிர்த்திசையில் சுற்றாதீர்கள். அச்சாணிக்கான மரைத்துளை சிலிண்டரின் சுவரைத் துளைத்து உள்ளே போய்விடக் கூடாது: 20 மி.மீ. சதுரத்தில் 12 மி.மீ. துளை நடுவில் இருந்தால் சுவருக்கு எஞ்சுவது 4 மி.மீ. மட்டுமே. நடுக்கோட்டை ஒன்றரை மி.மீ. மறுபுறம் தள்ளி, அச்சாணிப் பக்கத்துச் சுவரைத் தடிமனாக்கிக்கொள்வது என் வழி.

பிஸ்டன் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

ஹெச்7 (துளை அளவின் துல்லியத் தரக் குறியீடு) ரீமர் தரும் துளை 12.000 முதல் 12.018 மி.மீ. வரை இருக்கும். பிஸ்டனைத் துளையைவிடச் சற்றே பெரிதாகக் கடைந்து நிறுத்தி, எண்ணெய் தொட்ட நுண்ணிய எமரித் தாளால் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே பொருத்திப் பாருங்கள். எண்ணெயிட்ட பிஸ்டன் தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும். சிலிண்டரின் மறுவாயையும் துவாரத்தையும் விரலால் அடைத்தால் பாதியில் நின்றுவிட வேண்டும். வளையமோ ரப்பரோ தேவையில்லை.

சிலிண்டர் முகத்தையும் ஃபிரேமையும் எப்படித் தட்டையாக்குவது?

இதற்கான விடை ஆத்தங்குடியிலேயே இருக்கிறது. அங்கே வண்ணச் சிமென்ட்டைக் கண்ணாடித் தட்டின் மேல் ஊற்றியே கல் செய்கிறார்கள். கல்லின் வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வருவது. நாமும் தடித்த கண்ணாடித் துண்டின் மீது 600, அடுத்து 1000 எண் நீர் எமரித் தாளைப் பரப்பி, சொட்டு எண்ணெய் விட்டு, எட்டு வடிவத்தில் முகத்தைத் தேய்க்கிறோம். பேனா மையால் கட்டம் போட்டுவிட்டுத் தேய்த்தால், மை எங்கே எஞ்சுகிறதோ அங்கே பள்ளம். வால்வுக்குத் தேய்க்கும் கார்போரண்டம் பசையைப் பித்தளைக்குப் பயன்படுத்தாதீர்கள். துகள் உலோகத்தில் புதைந்து, எஞ்சின் ஓடும் காலமெல்லாம் அரம்போல் அராவிக்கொண்டிருக்கும்.

பழைய தச்சர்களும் கொத்தனார்களும் சொல்லும் நூல் கணக்கில் அளவெடுக்கலாமா?

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ. கதவு நிலைக்கு அது போதும். இங்கே மில்லிமீட்டரும் மைக்ரோமீட்டரும்தான்.

எல்லாம் பூட்டியாயிற்று, காற்றைத் திறந்தால் எஞ்சின் சுற்றவில்லை. ஏன்?

முதலில், அது தானாகக் கிளம்பாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு சுற்றில் பாதிதான் உந்துதல். மீதிப் பாதியை ஃபிளைவீல்தான் இழுத்துச் செல்ல வேண்டும். விரலால் ஒரு சுண்டு தேவை.

சுண்டியும் நின்றால், காற்றை மூடிவிட்டு வெறுங்கையால் ஃபிளைவீலைச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் இறுகினால் கிராங்க் பின் ஷாஃப்டுக்கு இணையாக இல்லை. சுற்று முழுவதும் இறுகினால் சிலிண்டரை ஃபிரேமோடு அழுத்திப் பிடிக்கும் அச்சாணியின் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது. பேனா ஸ்பிரிங் அளவு மென்மையே போதும். எளிதாகச் சுற்றியும் ஓடவில்லை என்றால் சோப்பு நீரைத் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். 1 பார் (ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு) அழுத்தத்தில் 12 மி.மீ. பிஸ்டன் பெறும் தள்ளுவிசை சுமார் 1.15 கிலோ எடைக்குச் சமம். சிறு உராய்வுகளை அதனால் வெல்ல முடியும், கசிவை வெல்ல முடியாது.

என் எஞ்சின் இரண்டு வாரம் ஓடவில்லை. துவாரங்களின் கணக்கில்தான் பிழை என்று நம்பி, புதிதாக இரண்டு ஃபிரேம் தகடுகளில் துவாரம் போட்டேன். உண்மையில் சிலிண்டரில் இருந்த அச்சாணித் துளை ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்திருந்தது. அதனால் முகம் ஒருபுறம் மட்டுமே படிந்தது, மறுபுறம் ஆப்பு வடிவில் திறந்துகிடந்தது. கையில் பிடிக்கும் டிரில்லால் அந்த ஒரு துளையைப் போட்டதுதான் காரணம். சிலிண்டரைப் புதிதாகக் கடைந்தேன். இம்முறை அந்தத் துளையை லேத்திலேயே, முகத்தை ஃபேசிங் செய்த அதே பிடிப்பில் போட்டேன். அன்று மாலையே ஓடியது.

காற்றுக்கு கம்ப்ரஸர் வேண்டுமா?

தேவையில்லை. ஒரு சுற்றுக்கு இந்த எஞ்சின் விழுங்குவது 1.8 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 300 சுற்று என்றாலும் அரை லிட்டரைச் சற்றே தாண்டும். பஞ்சர் கடையில் 25 பி.எஸ்.ஐ. காற்றடித்த பழைய ஸ்கூட்டர் சக்கரம் ஒன்றும், நடுவில் ஒரு சிறு குழாய்த் திருகும் இருந்தால், வந்தவருக்குச் சில நிமிடங்கள் ஓட்டிக் காட்டலாம்.

நீராவியில் ஓட்டிப் பார்க்க ஆசை. பாய்லர் செய்யலாமா?

இந்த எஞ்சினோடு வேண்டாம். காற்றுத் தொட்டி வெடித்தால் வெளிவருவது அதில் அடைபட்ட காற்று மட்டுமே. பாய்லர் கிழிந்தால் நூறு டிகிரிக்கு மேல் சூடான நீரின் ஒரு பகுதி அந்தக் கணமே நீராவியாகி, பல நூறு மடங்கு விரிகிறது. வெள்ளிப் பற்றவைப்பும், நீரழுத்தச் சோதனையும், பாதுகாப்பு வால்வும் தனிப் படிப்பு. எவர்சில்வர் குவளையை அடைத்துப் பற்றவைக்கும் வேலை ஒருபோதும் வேண்டாம்.

பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டில்தானே என்று வேட்டியோடும் கைலியோடும் லேத் முன் நிற்காதீர்கள். தோளில் துண்டும் கூடாது. மோதிரம், கைச்சங்கிலி, கழுத்துச் சங்கிலி மூன்றையும் கழற்றிவிடுங்கள். கையுறை பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. சுழலும் கம்பி அதைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டால் அது தோட்டாவாகும். சாவி கையை விட்டு இறங்கும் இடம் மேசையாகவே இருக்க வேண்டும். நீண்ட சீவலைக் கையால் இழுக்க வேண்டாம், பழைய பிரஷ் போதும்.

எத்தனை நாள் ஆகும்? அதன் பிறகு என்ன செய்வது?

வார இறுதிகளில் மட்டும் வேலை செய்த எனக்கு, ஓடாத அந்த இரண்டு வாரங்களையும் சேர்த்து ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. அடுத்ததாக, பிஸ்டனின் இரு பக்கமும் அழுத்தம் பெறும் இரட்டை வினை சிலிண்டர்கள் இரண்டை ஒரே ஷாஃப்டில் பூட்டி, கிராங்க்குகளை 90 டிகிரி விலக்கி வைக்கும் எஞ்சினை வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு சிலிண்டர் முனையில் நிற்கும்போது மற்றது முழு உந்துதலில் இருக்கும் என்பதால் அதற்கு விரல் சுண்டு தேவைப்படாது. மீட்டர் கேஜ் காலத்தில் ராமேஸ்வரம் போட் மெயில் ரயிலை இழுத்துக்கொண்டு காரைக்குடி நிலையத்தில் வந்து நின்ற நீராவி எஞ்சின்கள், எந்த நிலையில் நின்றாலும் யாரும் தள்ளிவிடாமல் கிளம்பியதற்கும் இந்த 90 டிகிரியே காரணம்.